மலை சிவக்கும் மாதம்

மேனாட்டுப் பருவங்களைப் பாடநூலிற் படித்து வளர்ந்த எவர்க்கும் ‘இலையுதிர் காலம்’ என்னும் தொடர் புதியதன்று. செப்டெம்பர் கழிந்ததும் இங்கிலாந்திலும் கனடாவிலும் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறுகின்றன, பின்னர் மொட்டையாகின்றன, அப்பால் பனி கொட்டுகிறது. இதனை நம் மாணாக்கர் நெட்டுருச் செய்து எழுதிப் புள்ளியும் பெறுகின்றனர். “நீ அதனைக் கண்டதுண்டா?” என்று கேட்டால் மாத்திரம், கைப்பேசியிற் படம் பார்த்ததாக விடை வருகிறது. எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் எகலியகொடையிலும் பிறந்த பிள்ளைகள் இவ்விடையைச் சொல்வது எமக்கு விந்தையாகவே இருக்கும். ஆண்டு தவறாமல் தை மாதக் கடைசியில் அவர்கள் வீட்டு வாசலுக்கு எதிரே மலை முழுவதும் நிறம் மாறி நிற்கின்றதே!

இறப்பர் மரத்தைத்தான் சொல்கிறோம். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தாழ்ந்த மலைச்சரிவுகளை அது ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மூடி நிற்கிறது. ஜனவரி நடுவிலே அங்கொன்றும் இங்கொன்றுமாக இலை மஞ்சளிக்கத் தொடங்கும். பத்துப் பதினைந்து நாட்களில் மஞ்சள் காவியாகி, காவி செங்கல் நிறமாகி, சில சரிவுகள் செம்பை உருக்கி ஊற்றியதுபோற் காட்சி தரும். பெப்ரவரியில் ஒரு காற்று அடித்தாற் போதும். சரசரவென்று சருகு மழை பொழியும். அவிசாவளையைக் கடந்து எட்டியாந்தோட்டை வழியாக ஹற்றனுக்கு ஏறும் பேருந்துகளில் சிவனொளிபாத யாத்திரிகர் நெருக்கியடித்துச் செல்லும் காலமும் அதுவே. அவர்களுட் பலர் மலையுச்சியின் உதயத்தைக் காண விழித்திருப்பதற்காக, வழியில் இந்த மலைகளைப் பாராமல் உறங்கிவிடுகின்றனர்!

பேராதனையில் எம்முடன் பயின்ற நண்பர் ஒருவர் இப்போது டொரொன்டோ நகரில் வாழ்கிறார். ஒவ்வோர் ஒக்டோபரிலும் மேப்பிள் மரங்களின் படங்களை எமக்கு அனுப்புவார். ஒருமுறை நாமும் பதிலுக்கு, களனி கங்கைக்கு மேலே சிவந்து நின்ற ஓர் இறப்பர் மலையைப் படம் பிடித்து ஊர்ப்பெயர் சொல்லாமல் அனுப்பினோம். “ஒன்டாரியோவில் இது எந்தப் பக்கம்?” என்று விடை வந்தது. மனிதர் தெரணியகலையில் பிறந்தவர்!

இந்த மறதிக்கு மொழியும் ஒரு காரணமோ என்று நாம் எண்ணியதுண்டு. தமிழர் ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். அவற்றுள் இலையுதிர் காலம் என்று ஒன்றில்லை. அது பிற்காலத்தில் அயலார் பருவத்துக்கு நாம் இட்ட பெயர். இறப்பர் இலை உதிரும் மாசி மாதத்தை நம் முன்னோர் பின்பனிக் காலத்துள் அடக்கினர். ஆகவே, பிள்ளைகளின் மனத்தில் இலையுதிர்வு என்பது வெள்ளைக்காரனுடைய சரக்காகவே நின்றுவிட்டது. பருவத்துக்குப் பெயரில்லையே அன்றி, இலையின் வாழ்க்கைக்குத் தமிழிற் பெயர்ப் பஞ்சம் இல்லை. தளிர், கொழுந்து, இலை, பழுப்பு, சருகு என்று பிறப்பு முதல் இறப்பு வரை ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல் உண்டு. இவற்றுள் ‘பழுப்பு’ என்னும் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். இலை முதிர்ந்து மஞ்சளிப்பதை நாம் ‘பழுத்தது’ என்கிறோம். மாங்காய் பழமாவதற்கும் அதே வினைச்சொல்தான். விஞ்ஞானம் இதுபற்றிக் கூறுவதைப் பின்னர்ச் சொல்வோம்.

இலை ஏன் நிறம் மாறுகிறது? இலையிலே பச்சையம் மாத்திரம் இருப்பதாக எண்ணுவது தவறு. கரட்டுக் கிழங்குக்கு நிறந்தரும் கரோட்டின் இனப்பொருள்களும் ஆண்டு முழுவதும் அதனுள் உறைகின்றன. பச்சையத்தின் ஆதிக்கத்தில் அவை வெளித்தெரிவதில்லை. பச்சையம் வெயிலிற் சிதைந்துகொண்டே இருக்கும் பொருள்; மரம் அதனை ஓயாது புதிதாக ஆக்கியவண்ணம் இருக்கவேண்டும். இலையைக் கைவிடுவதென்று மரம் ‘தீர்மானித்த’ பின்னர் அந்த ஆக்கம் நிற்கிறது, சிதைவு மிகுகிறது. பச்சை விலக, இருந்த மஞ்சள் தெரிகிறது. மஞ்சள் வந்ததன்று, மறைந்திருந்தது வெளிப்பட்டது, அவ்வளவே. சிதைந்த பச்சையம் எங்கே போகிறது என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. அது நிறமற்ற பொருளாக மாறி இலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்பது 1991ஆம் ஆண்டிற்றான் தெளிவாயிற்று.

பச்சையத்தை 1817இல் முதன்முதலிற் பிரித்தெடுத்தவர்கள் பெலத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு மருந்தாளர் இருவர். 1820இல் சிங்கோனாப் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தவரும் இவ்விருவரே. 1934-35இல் கேகாலைப் பகுதியை மலேரியா வாட்டியபோது வீடுவீடாக வழங்கப்பட்டது அந்தக் கொயினாதான். பாடத்துக்குப் புறம்பான செய்தியாயினும் இதனைச் சொல்லும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காருவதை நாம் கண்டிருக்கிறோம்.

சிவப்பின் கதை வேறு. அந்தோசயனின் என்னும் செந்நிறப் பொருள் பெரும்பாலும் இலையில் முன்பே இருப்பதன்று. சாகப்போகும் இலை கடைசி நாட்களில் தன் வெல்லத்தைச் செலவிட்டு அதனைப் புதிதாக ஆக்குகிறது. இன்னுஞ் சில நாட்களில் விழப்போகும் இலைக்கு ஏன் இந்த ஒப்பனைச் செலவு? அறிஞரிடையே இதுபற்றி வழக்கு உண்டு. 2001இல் ஹமில்ரன், பிரவுன் என்னும் இருவர், பூச்சிகளை நோக்கி ‘நான் வலியவன், என்னிடம் வாராதே’ என்று மரம் காட்டும் எச்சரிக்கைக் கொடியே அச்சிவப்பு என்றனர். வேறு சிலரோ, பச்சையம் சிதையும் வேளையில் வெயில் இலையை எரித்துவிடாதபடி பிடிக்கும் குடையே அது என்பர். வெயிலுக்குக் குடை என்பதே எமக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில், மரத்துக்கு அந்த இலையில் எடுக்கவேண்டிய சொத்து இன்னும் மிச்சமிருக்கிறது.

அந்தச் சொத்துத்தான் இவ்விடயத்தின் உயிர்நிலை. இலையின் புரதங்களிலுள்ள நைதரசனையும் பொசுபரசையும் மரம் மண்ணிலிருந்து அரிதின் ஈட்டியது. இலை விழுமுன் அவற்றைப் பிரித்து, கிளைக்கும் பட்டைக்கும் திருப்பி எடுத்துக்கொள்கிறது. உலகத்து மரங்களைப் பொதுவாக நோக்கினால் இவற்றில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு மீட்கப்படுகிறது. எஞ்சியது சருகோடு மண்ணுக்குப் போகிறது. மீட்பு முடிந்ததும் காம்பின் அடியில் ஒரு மெல்லிய உயிரணுப்படை நெகிழ்ந்து விடுபடுகிறது. காற்று இலையைப் பிய்ப்பதாக நமக்குத் தோன்றும். உண்மையில் மரமே கதவைத் திறந்துவிடுகிறது.

கதவைத் திறக்கும் திறவுகோல் எதிலீன் என்னும் வாயு. வாழைக்குலையைக் குழியில் வைத்துப் புகை மூட்டுகிறோமே, அந்தப் புகையிலுள்ள எதிலீன்தான் காயைப் பழுக்கவைக்கிறது. காய் பழுப்பதும் இலை பழுத்து உதிர்வதும் ஒரே வாயுவின் ஏவலால் நிகழ்கின்றன. இரண்டையும் ஒரே வினைச்சொல்லால் வழங்கிய தமிழ் வழக்கை எண்ணும்போது மனம் குளிர்கிறது. இன்னொன்றும் உண்டு. பால் மிகுதியாக வடிவதற்கென்று வெட்டுப்பட்டையின் ஓரத்திலே தோட்டங்களில் ஒரு மருந்து பூசுகிறார்கள். அம்மருந்து பட்டைக்குள் சென்று வெளிவிடுவதும் இதே எதிலீன்தான்.

குளிர்நாட்டு மரத்துக்குப் பகல் குறுகுவதே முதல் அறிவிப்பு. இலண்டனில் நீண்ட பகல் பதினாறரை மணிநேரம்; குறுகிய பகல் எட்டு மணிநேரத்துக்கும் சற்றுக் குறைவு. இரத்தினபுரியிலோ இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு முக்கால் மணிநேர அளவினதே. பனியும் இல்லை. இங்கே மரத்துக்கு அறிவிப்புத் தருவது பெரும்பாலும் வறட்சி. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரியிலும் ஜனவரியும் பெப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள். நீர் குறையும் காலத்தில் இலை ஒரு செலவாளி. ஆகவே மரம் அதனை நீக்குகிறது.

இந்த மரத்தின் பூர்விகம் அமேசன் காடு. 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் தப்பாஜோஸ் ஆற்றங்கரையில் திரட்டிய ஏறத்தாழ 70,000 விதைகள் கியூப் பூங்காவுக்குப் போயின. முளைத்த நாற்றுகளுட் பெரும்பாலானவை அவ்வாண்டிலேயே இலங்கைக்கு வந்து கம்பஹாவை அடுத்த ஹேனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. தப்பாஜோஸ் கரையில் வறட்சி ஆண்டின் பிற்பாதியிலே வருவது. இங்கு வந்த மரம் பிறந்தவூர்ப் பஞ்சாங்கத்தைக் கைவிட்டு நம்மூர்த் தை மாசிக்கு மாறிக்கொண்டது. நம் பாட்டன் பூட்டனாரும் கடல் கடந்து வந்து இந்த மலைகளிற் குடியேறியவர்களே.

இன்னொன்று கவனித்திருப்பீர்கள். ஒரு மலை முழுவதும் ஒரே நாளிற் சொல்லிவைத்தாற்போலச் சிவக்கும். அடுத்த மலையோ அப்போதும் பச்சையாகவே நிற்கும். நாம் சிறுவராயிருந்தபோது இது தெய்வத்தின் செயல் என்றே எண்ணினோம். காரணம் ஒட்டுக்கன்று. ஒரு தாய்மரத்தின் மொட்டைப் பல்லாயிரம் நாற்றுகளில் ஒட்டவைத்து மலை முழுவதும் நடுகிறார்கள். அவை யாவும் ஒரே உடம்பின் பிரதிகள். எனவே ஒன்றாகவே பழுத்து ஒன்றாகவே உதிர்க்கின்றன. விதையிலிருந்து முளைத்த பழைய மரங்கள் நிற்கும் சரிவிலே ஒவ்வொன்றும் தன் இச்சைப்படி பழுக்கும். அங்கே பச்சையும் மஞ்சளும் சிவப்பும் கலந்து தெரியும். எமது கண்ணுக்கு அதுவே அழகு.

அழகு என்று எழுதும்போது எழுதுகோல் சற்றுத் தயங்குகிறது. நாமும் லயத்திற் பிறந்தவரே. எம் தாயார் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். மலை சிவந்தால் எம் வீட்டில் எவரும் அதனை அழகென்று சொல்லக் கேட்டதில்லை.

இறப்பர்ப் பால் என்பது மரம் வெல்லத்திலிருந்து ஆக்கும் பொருள். வெல்லத்தை ஆக்குவது இலை. இலை இல்லாத மரத்துக்கு வரவில்லை. பட்டையில் இருக்கும் சேமிப்பை எடுத்துத்தான் புதிய தளிர் விடவேண்டும். அவ்வேளையிற் கத்தி வைத்தால் பால் சிறிதே வடியும். வெட்டு மிகுந்தால் மரமும் தளரும். ஆதலாற் பல இடங்களில் அக்காலத்தில் வெட்டை நிறுத்துவர் அல்லது குறைப்பர். மரத்துக்கு அது ஓய்வு. பால் வெட்டுபவருக்கோ அது வேறு. குறித்த கிலோ வராவிட்டால் முழுப் பேர் விழாது, அரைப் பேர்தான். கிலோக் கணக்கிற் கூலி பெறுபவருக்கு அதுவும் இல்லை. வைகாசி முதல் மழை. மழைநாளில் வெட்ட முடியாது. ஐப்பசி கார்த்திகையில் மீண்டும் மழை. மழை ஓய்ந்து வானம் தெளிந்து, இனி நாளும் வேலை உண்டு என்றிருக்கும்போது இலை பழுத்துவிடும். மழை பெய்தாலும் குறை, பெய்யாவிட்டாலும் குறை என்று எம் தாயார் கணக்குப் பார்ப்பார். சருகு மூடிய சரிவில் விரியன் பாம்புக்கு அஞ்சிக் கோலால் தட்டித் தட்டி நடப்பார். நிழல் அற்ற மலையில் காலை ஒன்பது மணிக்கே வெயில் தலையைப் பிளக்கும். அந்த ஒரு மாதக் கடன் தீபாவளிவரை தொடரும்.

வகுப்பு வரவேட்டைத் திறந்தால் இலையுதிர்வை அதிலும் காணலாம். பெப்ரவரிப் பக்கத்தில் வெற்றிடங்கள் கூடுகின்றன. 2023ஆம் ஆண்டு மாசி மாதத்தில் பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் பத்து நாட்களாக வரவில்லை. விஞ்ஞானத்தில் வகுப்பின் முதல்வன். கேள்வி கேட்டே நம்மைக் களைப்பிக்கும் பிள்ளை. ஒரு சனிக்கிழமை மாலை லயத்துக்குப் போனோம். அவன் தாயார் வாசலில் ஒட்டுப்பாலைச் சாக்கிற் கட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க சேர். மகன் கொழும்புக்குப் போயிட்டான். கடையில நிக்கிறான். ஒரு மாசந்தான்.”

“ஒரு மாதம் என்று போன பிள்ளைகள் பலர் திரும்பவில்லையே, அம்மா” என்றோம்.

அவர் எதிரேயுள்ள மலையைக் காட்டினார். “மலை செவந்திருச்சுங்க சேர். இனிக் கொழுந்து வந்து முத்துற வரைக்கும் அரைப் பேருதான். அவுங்க அப்பா இருந்தா வேற. நான் என்ன செய்ய?”

எம்மிடம் விடை இருக்கவில்லை. பின்பனிக் காலத்தைப் பாலைத்திணைக்கும் உரியதாக்கியது தொல்காப்பியம். பாலையின் பொருள் பிரிவு. பொருள் தேடிப் பிரிதல் அதிலே பெரும்பகுதி. பல்கலைக்கழகத்தில் இதனைக் கேட்டபோது குறிப்பெடுத்ததோடு சரி. அன்று அந்த வாசலில் நின்றபோதுதான் இலக்கணத்தின் பொருள் விளங்கிற்று.

பையனின் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு ஞாயிறும் அழைத்தோம். பாடத்தைப் பற்றியன்றி மரத்தைப் பற்றியே பேசினோம். “தளிர் விட்டுவிட்டதா, சேர்?” என்று கேட்பான். விட்டிருந்தது. இறப்பர்த் தளிரைக் கண்டவர் அறிவர்: பச்சையாக அன்று, ஊதா கலந்த செம்பு நிறத்தில், வாடிய துணிபோலத் தொங்கிக்கொண்டு வருவது. சாகும் இலைக்குக் குடை பிடித்த அந்தோசயனினே பிறக்கும் இலைக்கும் குடை பிடிக்கிறது. மாந்தளிரும் கறுவாத் தளிரும் நாகமரத்துத் தளிரும் சிவப்பாக இருப்பதும் இவ்வகையே. பச்சையம் நிறைந்து தோல் தடிக்கும் வரை வெயிலையும் பூச்சியையும் தாங்க அந்தச் சிவப்புத் துணைசெய்கிறது என்பர். மூன்று நான்கு வாரங்களில் அது வெளிறிய பச்சையாகி நிமிர்ந்து நிற்கும்.

இந்த நாட்களே மரத்துக்குக் கண்டம். விடியற்காலை மூடுபனியில் வெண்சாம்பல் போன்ற பூஞ்சணம் தளிரிற் படிந்தால், தளிர் சுருண்டு மறுபடியும் உதிரும். 1920களிலிருந்து இந்நோய் இந்நாட்டில் உண்டு. கந்தகத் தூளை இயந்திரத்தால் ஊதி அதனைத் தடுப்பர். சிறுவயதில் அந்தக் கந்தக நெடியோடு பள்ளிக்கூடம் போனது எமக்கு நினைவிருக்கிறது. மரம் முதல் உதிர்வுக்குச் சேமித்து வைத்திருக்கிறது. இரண்டாம் உதிர்வுக்கு வைத்திருப்பதில்லை.

பையன் சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் வந்தான், திரும்பிப் போகவில்லை. இழந்த பாடங்களை மாலை வகுப்பில் ஈடுசெய்து, 2024இல் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியும் அடைந்தான். அவனோடு அதே மாதம் கொழும்புக்குப் போன மற்றும் இருவர் வரவில்லை.

அவன் பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த 2023 ஆவணியில் ஒருநாள் காலை, கையில் நாலைந்து இறப்பர் இலைகளோடு எம் மேசைக்கு வந்தான். “சேர், இது எந்த உதிர்வு?” என்றான்.

இலைகளைத் திருப்பிப் பார்த்தோம். மாசி மாதத்து இலையைப்போல அவை ஓரத்திலிருந்து சீராகப் பழுத்திருக்கவில்லை. பாதி மஞ்சள், பாதி பச்சை. நடுவே நாணயம் வைத்து வரைந்தாற்போல வட்டவட்டமான பழுப்புப் புள்ளிகள். 2019இல் இந்நாட்டில் முதலில் இனங்காணப்பட்டு இறப்பர் மாவட்டங்களிற் பரவிய வட்டப்புள்ளி இலைநோய் அது. இன்னொரு பூஞ்சணத்தின் வேலை, ஈரக்காலத்திலே வலுப்பெறுவது. மரம் கணக்குத் தீர்த்து அனுப்பிய இலையன்று. சொத்தை மீட்குமுன் பறிபோன இலை. பச்சையாய் எஞ்சியிருந்த பகுதியைச் சுட்டி, “இதிலுள்ள நைதரசனை மரம் எடுக்கவில்லை” என்றோம். அவன் தலையசைத்தான், ஒவ்வொன்றாக எண்ணிப் புத்தகத்துக்குள் வைத்தான்.

“அம்மாவுக்கு இந்த மாசமும் அரைப் பேர்தான், சேர்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனான்.